சம்மனசு வாசலில் கழற்றி வைத்த பூட்ஸ்

நம் வீட்டு அடுப்பங்கரையில் உங்கள் அம்மா பூண்டு போட்டு வைத்திருக்கிறாளே, படகு மாதிரி ஒரு மரச் செருப்பு, அது எந்தக் கடையில் வாங்கியது என்று நீங்கள் நாலு பேரும் மாறி மாறிக் கேட்கிறீர்கள். அதற்கு ஜோடி எங்கே என்றும் கேட்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல ஆரம்பித்து, பாதியில் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து, உங்கள் அம்மா தண்ணீர் கொண்டுவந்து, கதை நின்றுபோகிறது. எழுதினால் இருமல் வராது. ஆகையால் எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

நம் முதலாளி சாயபுவை உங்களுக்குத் தெரியும். நீங்கள் பார்க்கிற சாயபு தாடி நரைத்து, நாற்காலியில் உட்கார்ந்து மிட்டாய் கொடுக்கிறவர். நான் சொல்லுகிற காலத்தில் தாடி கறுப்பு. அவர் குரல் கேட்டால், தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டை அரைக்கிற மாடுகூட நடையைத் திருத்திக்கொள்ளும். அவருடைய தோல் கிடங்கில் நான் தரம் பிரிக்கிற மேஸ்திரி. பதப்படுத்தின தோலைக் கையில் விரித்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று அடுக்குவது என் வேலை.

பெரிய யுத்தம் நடந்தபோது சிப்பாய்களுக்கு பூட்ஸ் வேண்டியிருந்தது. உலகமெல்லாம் நம் தோலைக் கேட்டது. யுத்தம் நின்ற சில வருஷத்தில் கேட்பாரில்லை. எங்கள் கிடங்கில் தோலை ஊறப்போடுகிற இருபது குழியில் எட்டுக் குழி காய்ந்தது. அந்தக் குழிகளில் இறங்கி வேலை செய்தவர்களை, சொல்லி அனுப்புகிறோம் என்று வீட்டுக்கு அனுப்பினோம். காய்ந்த குழி ஒன்றில் ஒரு நாய் குட்டி போட்டது. சாயபு குழி ஓரத்தில் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"ஆறு குட்டி, மேஸ்திரி," என்றார். "நம்ம கிடங்குல இப்போ ஜாஸ்தியாவறது இது ஒண்ணுதான்."

அப்போதுதான் புதுச்சேரி வியாபாரி ஒருவர் மூலமாக பிரான்சு தேசத்து பூட்ஸ் முதலாளி ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் ஊர் முழுக்க பூட்ஸ் தைக்கிற ஊராம். மாதிரித் துண்டு அனுப்ப வேண்டாம், துண்டைப் பார்த்து நான் பலமுறை ஏமாந்தவன்; உங்கள் தோலில் பூட்ஸ் தைத்து, ஒரு வருஷம் போட்டு நடந்து, அந்தக் காலோடு என் முன்னால் வந்து நில்லுங்கள் என்பது கடிதத்தின் சாரம். அவர் சரி என்றால் எட்டுக் குழியும் நிறையும். வேண்டாம் என்றால் மிச்சமிருக்கிற பன்னிரண்டும் எப்போது காயும் என்று சொல்ல முடியாது.

கிடங்கில் இருந்ததிலேயே நல்ல தோலை நான்தான் பொறுக்கி எடுத்தேன். வேலூர் லாங் பஜாரில் கொடுத்துத் தைத்தோம். சாயபு அதைக் காலில் மாட்டியவர் பதினோரு மாதம் வேறு எதையும் மாட்டவில்லை. சுண்ணாம்புச் சேற்றில் நடந்தார். திருப்பத்தூர் சந்தையில் நடந்தார். மச்சினன் கல்யாணத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார். சாயங்காலமானால் நான் விளக்கெண்ணெய் தடவித் துடைத்து வைப்பேன். அந்த பூட்ஸுக்கு நடக்கிற உபசாரத்தைப் பார்த்து கிடங்கு ஆட்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்துவிட்டார்கள். கடைசியில் சாயபுவும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார். அவரும் நானும் பிரான்சுக்குப் போன கப்பலில் எல்லாரும் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தபோது, அவர் தலையைத் தொங்கப் போட்டு காலை மட்டும் உயரத் தூக்கி வைத்திருந்தார். "மாப்பிள்ளை மேல படாமப் பாத்துக்கோ மேஸ்திரி" என்பதுதான் அவர் அந்த வாரத்தில் பேசிய ஒரே பேச்சு.

பிரான்சில் கப்பல் இறங்கிய இடத்தில் புதுச்சேரிக்காரர் ஒருவர் எங்களுக்குத் துபாஷாக வந்து சேர்ந்தார். எங்கள் தமிழை அவர்களுக்கும் அவர்கள் பிரெஞ்சை எங்களுக்கும் சொல்ல வேண்டியது அவர் வேலை. நம்மைப் போல் கறுப்பு. ஆனால் தொப்பி, கையுறை, வெள்ளிப் பூண் போட்ட தடி. தெருவில் எங்களோடு நடக்கும்போது நாலடி முன்னாலேயே நடப்பார்.

பூட்ஸ் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. அந்த முதலாளி திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நாங்கள் தங்கிய விடுதியின் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நாலு பக்கமும் வெறும் மணல். நடுவில் ஒரு பாறை. பாறைமேல் வீடு, வீட்டின்மேல் மதில், மதிலின்மேல் கோயில், கோயிலின் உச்சியில் பொன்னாலான ஒரு ஆள், இறக்கையும் வாளுமாக. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் மாதா கோயிலில் இடது பக்கம் நிற்கிற தேவதூதர், மிக்கேல் சம்மனசு! விசாரித்தால், பல நூறு வருஷத்துக்கு முன் சன்னியாசிகள் கட்டின மடம், அங்கிருந்து சில மணி நேரப் பயணம், மறுநாள் ஞாயிறு சம்மனசின் திருநாளும் கூட என்றார்கள்.

நான் சாயபுவின் முன்னால் போய் நின்றேன். படத்தைக் காட்டினேன்.

"யாரு இது? மிக்காயீலா?" என்றார் சாயபு. "எங்க கிதாபுலயும் இருக்காரே! மழை குடுக்கற மலக்கு அவுருதான். வா, போவலாம். நம்ம காஞ்ச பாலாத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரலாம்."

விடியுமுன்னே கிளம்பினோம். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு, கரையிலிருந்து பாறை வரைக்கும் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக ஒரு பாதை போட்டு, அதன்மேல் பொம்மை மாதிரி ஒரு ரயில் ஓடுகிறது. அதில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்தேன். என் கண்ணை நம்ப முடியவில்லை. பாலாறு! கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், அங்கங்கே கையளவு தண்ணீர்க் கோடு. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தால் ஆம்பூரில் இறங்கினது மாதிரி இருக்கிறது.

"இது கடலாம்," என்றார் துபாஷ்.

"எங்க ஊர்லயும் அதை ஆறுன்னுதான் சொல்றோம்," என்றார் சாயபு.

கரையோரப் புல்லில் கறுப்பு மூஞ்சி ஆடுகள் நூற்றுக்கணக்கில் மேய்ந்தன. அந்தப் புல்லில் உப்பு ஏறியிருக்கும் என்று துபாஷ் சொன்னார். அவ்வளவுதான். வழியில் ரயில் நின்ற ஒரு நிமிஷத்தில் சாயபு குதித்து ஓடி, ஒரு ஆட்டைக் கட்டிப் பிடித்து, அதன் விலாவில் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தூரத்தில் ஆட்டுக்காரன் கத்தினான். சாயபு அதைவிட உரக்கக் கத்தினார். "மேஸ்திரி! நாம ஆடு செத்தப்புறம் தோல் கெடாம இருக்க உப்பு தடவறோம். இவன் உயிரோடவே உப்பு போட்டு வச்சிருக்காம்ப்பா!" அவர் திரும்பி ஓடிவந்து ரயிலில் தொற்றினபோது துபாஷ் எங்களைத் தெரியாதவர் மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதை முடிந்த இடத்தில் கோட்டை வாசல். எங்கள் வேலூர்க் கோட்டைக்கு அகழி உண்டு, இதற்கு இல்லை பாருங்கள் என்று துபாஷிடம் பெருமையாகச் சொன்னேன். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் என் கால் நின்றுவிட்டது.

"இன்னாப்பா நின்னுட்ட?" என்றார் சாயபு.

"செருப்பு, சாயபு."

துபாஷ் தலையில் கை வைத்தார். "ஐயோ, ஆம்பூர்க்காரரே! இது பிரான்சு. இங்க சாமியாரே பூட்ஸோடதான் பூசை வைக்கிறாரு."

"அவரு தினம் வர்றவரு. நான் ஒரு தபா வர்றவன்."

சாயபு அதற்குள் ஒரு கல்லில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "மேஸ்திரி சொல்றது சரி. தர்காவுக்குள்ள பூட்ஸோட போறமா? யார் வூடா இருந்தா இன்னா, வாசல் வாசல்தான். இந்தா, மாப்பிள்ளையை உள்ள அந்த மூலையில வை."

நான் யோசித்தேன். யோசித்தது தப்பு. "வாசலைத் தாண்டினா அதுவே கோயில்தான் சாயபு. வெளியிலதான் விடணும்."

மதிலுக்கு வெளியே, மணலை ஒட்டி, தாழ்வாக ஒரு தட்டைப் பாறை இருந்தது. பச்சைப் பாசி படிந்திருந்தது. சின்னச் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. தொட்டால் ஈரம். கடற்கரையில் பிறந்தவர்கள் இந்த இடத்திலேயே சிரித்துவிடுவார்கள். நான் பாலாற்றங்கரையில் பிறந்தவன். மணல் என்றால் எனக்கு மணல்தான். மாப்பிள்ளையின் நாடாக்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, பக்கத்தில் என் கான்வாஸ் செருப்பை வைத்து, நாய் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க மேலே ஒரு கல்லும் வைத்தேன். அவ்வளவு ஜாக்கிரதை!

அந்த நேரத்தில் திருநாளுக்கு வந்த கூட்டம் ஒன்று வாசலுக்கு வந்தது. பதினைந்து பேர் இருக்கும். பெண்கள் தலையில் வெள்ளைக் குல்லாய், எல்லார் காலிலும் மரத்தைக் குடைந்து செய்த செருப்பு. முன்னால் வந்த கிழவி நல்ல ஆகிருதி. எங்கள் வெறுங்காலைப் பார்த்தாள், துபாஷிடம் ஏதோ கேட்டாள். துபாஷ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நீளமாகப் பதில் சொன்னார். கிழவி நெஞ்சில் கை வைத்தாள். கண் கலங்கினாள். குனிந்து தன் மரச் செருப்பைக் கழற்றினாள். அவளைப் பார்த்து அடுத்தவள் கழற்றினாள். அப்புறம் எல்லாரும்.

"இன்னாய்யா சொன்ன நீ?" என்றார் சாயபு.

"எங்கேர்ந்து வர்றாங்கன்னு கேட்டா. இந்தியாவுலேர்ந்துன்னு சொன்னேன்."

"அதுக்கா அழுவறா?"

துபாஷ் தடியைத் தட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். "நடந்தே வந்தாங்கன்னு கொஞ்சம் சேத்துச் சொன்னேன்."

எங்கள் பாறையில் பதினைந்து ஜோடி மரச் செருப்பும் வரிசையாக வந்து உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை மசூதி வாசல் மாதிரி இருந்தது. இந்தியாவிலிருந்து நடந்து வந்த பூட்ஸை அவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

படி என்றால் படி, பிள்ளைகளா! ஏறிக்கொண்டே இருக்கிறது. கல் பனிக்கட்டி மாதிரி சில்லிடுகிறது. ஒரு காலை வைத்தால் இன்னொரு கால் தானாகக் குதிக்கிறது. சாயபுவும் நானும் முன்னால் குதித்துப் போக, பின்னால் பதினைந்து வெள்ளைக்காரக் கால்கள், இல்லை, முப்பது கால்கள், அதே மாதிரி குதித்து வருகின்றன. கிழவி பாட்டு எடுத்தாள். குளிரில் பாட்டும் குதித்தது. கடைசியில் துபாஷ் ஒருவர் மட்டும் பூட்ஸோடு, டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு, வெட்கத்தால் நுனிக்காலில் வந்தார்.

சாவிக்கொத்து வைத்திருந்த காவல்காரர் எங்கள் கால்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அவர் எங்களை இருட்டறைகள் வழியாகக் கூட்டிப் போனார். ஓர் அறையில் பனைமர உயரத்துக்கு ஒரு மரச் சக்கரம் நின்றது. பிற்காலத்தில் இந்த மடத்தைச் சிறைச்சாலை ஆக்கினார்களாம். கைதிகளைச் சக்கரத்துக்குள் விட்டு நடக்கச் சொல்லி, கயிறு சுற்றி, கீழேயிருந்து மூட்டைகளை மேலே இழுத்தார்களாம். சாயபு அதைச் சுற்றி வந்தார். "நம்ம மாடாவது வெளிய காத்துல நடக்குது மேஸ்திரி," என்றார். ஊர் போனதும் பட்டை அரைக்கிற மாட்டுக்கு மத்தியானத்தில் ஒரு மணி நேரம் ஓய்வு விட்டது இந்தச் சக்கரத்தைப் பார்த்ததால்தான். அது உங்களில் யாருக்கும் தெரியாது.

அதற்கும் மேலே ஒரு முற்றம். நாலு பக்கமும் விரல் மாதிரி மெல்லிய கல் தூண்கள், ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு வரிசை. நடக்க நடக்க முன் தூணும் பின் தூணும் இடம் மாறுகின்றன, கண் சுழல்கிறது. அந்தக் காலத்துச் சன்னியாசிகள் இங்கேதான் நடந்து நடந்து ஜெபம் சொன்னார்களாம். இந்த உயரத்துக்கு இவ்வளவு கல்லை எந்தக் கை தூக்கியது? என்னால் அதற்குமேல் யோசிக்க முடியவில்லை. சாயபு ஒரு தூணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து என் காதில் சொன்னார்: "முதல் தரம்."

கோயிலில் நான் முழங்கால் போட்டு, எட்டுக் குழிக்காகவும் குழிக்காரர்களுக்காகவும் வேண்டிக்கொண்டு வெளியே வந்தேன். கோயிலுக்கு முன்னால் திறந்த மேடை. காற்று ஆளைத் தூக்குகிறது. சாயபு அங்கே நின்று இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார். முகத்தைத் தடவி முடித்தபின் சொன்னார்: "பாலாத்துக்குச் சொல்லிட்டேன். கம்மியா வேணாம், கரை தொட்டு வரணும்னு சொன்னேன்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. மணல்வெளியின் கோடியில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தது. நூல் கயிறாயிற்று. கயிறு நுரை கக்கிக்கொண்டு நெளிந்து நெளிந்து வந்தது. மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் கைப்பிடிச் சுவருக்கு ஓடிக் கை தட்டினார்கள்.

"வருதுப்பா!" என்று சாயபு குதித்தார். "கேட்ட ஒடனே குடுத்துட்டாரு! பாரு மேஸ்திரி, பாலாறு வருது!"

நானும் குதித்தேன். அந்தக் கிழவியும் எங்களோடு சேர்ந்து குதித்தாள். மணல் திட்டு ஒவ்வொன்றாக முழுகிற அழகை எப்படிச் சொல்வேன்! குதிரை ஓடுகிற வேகத்தில் வருகிறது தண்ணீர். இப்படி ஒரு வேடிக்கையை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கை தட்டினேன். தட்டின கை நடுவில் நின்றது.

பாசி. சிப்பி. ஈரம்.

"சாயபு," என்றேன். "மாப்பிள்ளை."

சாயபு என்னைப் பார்த்தார். நான் சாயபுவைப் பார்த்தேன். அதற்கப்புறம் யார் முதலில் ஓடினது என்று இன்றுவரைக்கும் எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. படிகளை மூன்று மூன்றாகத் தாண்டினோம். தூண்கள் சுழன்றன, சக்கரம் போயிற்று, காவல்காரர் சாவிக்கொத்தோடு துரத்தினார். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமலே கிழவியின் கூட்டம் மொத்தமும் பாடிக்கொண்டே பின்னால் ஓடி வந்தது. "நில்லுங்க! சீவன் போவுது!" என்று துபாஷ் கத்துகிற சத்தம் ஏதோ ஒரு மாடியில் கேட்டது.

கோட்டை வாசலுக்கு வந்தால் அகழி வந்துவிட்டது. வாசல் படியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. பாறை இருந்த இடத்தில் பாறை இல்லை. அலைமேல் மரச் செருப்புகள் மட்டும் வாத்துக் கூட்டம் மாதிரி மூக்கை ஆட்டிக்கொண்டு மிதந்தன. மரம் மிதக்கும். தோல் மிதக்காது. அதன்மேல் கல்லும் வைத்தவன் நான்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு மாத நடை, எட்டுக் குழி, சொல்லி அனுப்புகிறோம் என்று நான் வாய்விட்டுச் சொன்ன மனுஷர்கள், எல்லாம் அந்தத் தண்ணீருக்கு அடியில்.

"சாயபு, உள்ளே மூலையில வைன்னு சொன்னீங்க. நான்தான் கேக்கல."

சாயபு மிதக்கிற செருப்புகளையே பார்த்தார். அவர் தோள் ஆடியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! "பாலாத்துக்குத்தானேப்பா கேட்டேன்," என்கிறார், "விலாசம் மாத்தி இங்க அனுப்பிட்டாரே!" என்கிறார், வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். கிழவி தன் செருப்பு எதிர்த்திசையில் பயணம் போவதைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள், பிறகு அவளும் சிரித்தாள். பதினைந்து பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாதிரிச் சிரிப்பு வயிற்றுவலி மாதிரி, நிறுத்த முடியாது. அப்போதுதான் வந்து சேர்ந்த துபாஷ், பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆள், எங்கள் நடுவில் நின்று எல்லார் காலையும் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்," என்றார். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று.

உச்சிப் பொழுதில் கடல் வந்த வழியே போனது. மறுபடி பாலாறு. காவல்காரர் முன்னால் நடந்து, புதைமணல் இல்லாத இடமாகக் காட்ட, எல்லாரும் தேடக் கிளம்பினோம். மரச் செருப்புகள் பாதையின் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. அவரவர் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இந்தியாவிலிருந்து நடந்து வந்த பூட்ஸ் கிடைக்கிற வரைக்கும் போவதில்லை என்று கிழவி சொல்லிவிட்டாளாம். அவள் மணலில் சிப்பி பொறுக்கி விற்கிறவள். கையால் தேடுவதில்லை. பாவாடையைச் சொருகிக்கொண்டு, வெறுங்காலால் மணலை மிதித்து மிதித்து, அடியில் இருப்பதைக் காலாலேயே கண்டுபிடிக்கிறாள். நான் தோலைக் கன்னத்தால் பார்க்கிற மாதிரி!

வெகுநேரம் கழித்து அவள் கால் ஒரு இடத்தில் நின்றது. குனிந்து இழுத்தாள். மணலும் தண்ணீருமாக ஒரு பூட்ஸ் வந்தது. கவிழ்த்தாள். உள்ளிருந்து ஒரு நண்டு இறங்கி, எங்களைக் கோபமாகப் பார்த்துவிட்டு நடந்து போயிற்று. மற்றதும் என் கான்வாஸ் செருப்பும் கிடைக்கவில்லை. என் முடிச்சு அவிழ்ந்து போயிருந்தது.

"மாப்பிள்ளை ஒத்தக் காலோட வந்துட்டாரு," என்றார் சாயபு.

கரையில்தான் கிழவியின் வீடு. சாயபுவின் பெரிய பாதத்தைப் பார்த்து, உள்ளே போய்த் தன் புருஷனின் மரச் செருப்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள். புருஷன் ஜன்னல் வழியாகக் கத்தினார். கிழவி திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். ஜன்னல் மூடிக்கொண்டது. அது என்ன வார்த்தை என்று துபாஷ் கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க நான் அந்த ஒற்றை பூட்ஸை நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, எண்ணெய் தடவினேன். நெருப்பில் காட்டச் சொன்னார் விடுதிக்காரர். தோல் வேலை தெரிந்தவன் அதைச் செய்ய மாட்டான். காற்றில் வைத்தேன். ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பூத்தது.

திங்கட்கிழமை, வேறு பூட்ஸ் வாங்கலாம் என்றால் கடை திறக்குமுன்னே பத்து மணி நெருங்கிவிட்டது. பூட்ஸ் தொழிற்சாலையின் நீளமான கூடத்தில் சாயபு மரச் செருப்போடு நடந்தார். டொக், டொக், டொக். இரண்டு பக்கமும் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக மிஷினை நிறுத்தினார்கள். பின்னால் நான், துபாஷ் கொடுத்த மிதியடியில் குதிகால் பாதி வெளியே. தோல் விற்க வந்தவன் கட்டையை மாட்டிக்கொண்டு வருகிறான்!

முதலாளி ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட மனுஷர். சாயபுவின் காலைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இதுதான் உங்க ஊரு தோலான்னு கேக்கறாரு," என்றார் துபாஷ், தரையைப் பார்த்துக்கொண்டு.

"இல்ல, இது உங்க ஊரு மரம்னு சொல்லு. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் கடிக்குது."

சாயபு துணி மூட்டையை அவிழ்த்து மேஜையில் வைத்தார். மேஜையில் மணல் கொட்டியது. நடந்ததை துபாஷ் சொன்னார். இந்தத் தடவை எதையும் சேர்க்காமல் சொன்னார் என்று நினைக்கிறேன். முதலாளி சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து கத்தியை எடுத்து, மாப்பிள்ளையின் பக்கவாட்டில் சரக்கென்று அறுத்தார்.

என் நெஞ்சு அறுபட்டது. ஏன் என்று கேளுங்கள். பட்டைச் சாறு தோலின் நடு வரைக்கும் ஏறாவிட்டால், அறுத்த ஓரத்தில் நடுவில் வெளிறின கோடு தெரியும். மேலே பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் ஊறினால் அந்தக் கோடுதான் முதலில் கெடும். நான் பொறுக்கின தோல் அது. என் கன்னம் சொன்னது சரியா தப்பா என்று அந்தக் கத்தி சொல்லப்போகிறது.

அவர் ஓரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். விரலால் மடித்தார். நாக்கு நுனியால் தொட்டு உப்பைப் பார்த்தார். எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே பழுப்பு. அவர் மெதுவாகப் பேசினார். துபாஷ் கையுறையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"எத்தினியோ பேர் பூட்ஸு கொண்டாந்து காட்டியிருக்காங்களாம். எங்க கடல்ல போட்டு எடுத்துக் கொண்டாந்தவங்க நீங்கதான்னு சொல்றாரு. முதல் பாரம் தோலு அனுப்பச் சொல்றாரு. அது நல்லா இருந்தா அப்புறம் வாங்கறது நிக்காதாம்."

அதன் பிறகுதான் அந்த மனுஷர் மறுபடி சாயபுவின் காலைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். மாப்பிள்ளையை அவர் அலமாரியிலேயே வைத்துக்கொண்டார்.

எட்டுக் குழியும் நிறைந்தது. நாய்க்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. மரச் செருப்பில் ஒன்றைச் சாயபு எனக்குக் கொடுத்தார், மற்றது அவர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு நாள் ஜோடியாக ஆம்பூர் பார்த்தது. ஸ்டேஷனில் இறங்கினதும் சாயபு வேறு எதையும் மாட்ட மாட்டேன் என்றார். கடைத்தெரு முழுக்க டொக், டொக் என்று நடந்தார். பின்னால் கிடங்கு ஆட்கள் அத்தனை பேரும் கூத்து பார்க்கிற மாதிரி வந்தார்கள். நேரே மசூதி வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். கீழே வைக்கப் போனவர் கையிலேயே பிடித்துக்கொண்டு, வெயிலில் பொரிகிற பாலாற்று மணலை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார்.

"மேஸ்திரி," என்றார், "இங்க வைக்கட்டுமா? இன்னிக்குத் தண்ணி வருமா?"